வயிற்று வலிக்கு நாமே பேர் வைக்க வேண்டாம்

பெற்றோர்களே, ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் என்றால் அதில் பாதி. 2015இல் தொடங்கி இன்று நாடு முழுக்க நடக்கும் குடற்புழு நீக்க நாள் அது. அன்று காலையில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "மிஸ்ஸு மாத்திரை குடுத்தா வாங்கிப் பையில போட்டுக்க கண்ணு, முழுங்கிறாத" என்று சொல்லி அனுப்புகிறோம். சிலர் அன்றைக்கு லீவே போட்டுவிடுகிறோம். எங்கோ ஒரு பள்ளியில் யாரோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது போதும், நமக்கு வேறு சாட்சி வேண்டாம். அதே பிள்ளை இரண்டு மாதம் கழித்து வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தால், மருத்துவரிடம் காட்டாமல் மெடிக்கலில் போய் நின்று "பூச்சி மருந்து ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வந்து ஊற்றுகிறோம். இரண்டும் ஒரே மருந்துதான். வேண்டிய நாளில் மறுக்கிறோம், ஆராயாமல் கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுக்கிறோம்.

மாத்திரை போட்ட பிள்ளைகளில் சிலருக்குக் குமட்டல், இலேசான வயிற்று வலி, தலைச்சுற்றல் வருவது உண்மைதான். வயிற்றில் புழு அதிகம் இருக்கும் பிள்ளைக்கு அது சற்றுக் கூடுதலாக வரும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்க மாட்டார்கள். தேறிய பிறகு கொடுக்க இன்னொரு நாளும் வைத்திருக்கிறார்கள். நன்றாக மென்று விழுங்க வேண்டும், சின்னக் குழந்தைக்குப் பொடித்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. பயப்பட வேண்டியவை வேறு. அவற்றைப் பற்றிச் சேலம், நாமக்கல் பக்கத்துப் பெற்றோர்களாகிய நாம் பேசிக்கொள்வதே இல்லை.

வயிற்றில் புழு இருப்பதை நாம் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம்? இராத்திரியில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி. கன்னத்தில் வெள்ளைத் தேமல் வந்தால் பூச்சி. மிட்டாய் தின்றால் பூச்சி வரும். இந்த மூன்றும் தவறு. பல் கடிப்பதற்கும் புழுவுக்கும் உறுதியான தொடர்பு கிடையாது. அந்தத் தேமல் பெரும்பாலும் தோல் வறட்சி. சர்க்கரையிலிருந்து எந்தப் புழுவும் பிறப்பதில்லை. இந்த அடையாளங்களை நம்பிக்கொண்டிருப்பதால், புழு உண்மையில் உள்ளே இருந்து வேறு வேடத்தில் வெளிப்படும்போது நமக்கு அடையாளம் தெரிவதில்லை. அது குடல்வால் அழற்சி போல வரும். மஞ்சள் காமாலையாக வரும். அல்சர் போல எரியும். சோகையாக, மூச்சிரைப்பாக, விலா எலும்புக்குக் கீழே ஒரு கட்டியாகவும் வரும்.

1963 அக்டோபரில் தென் கொரியாவின் ஜோன்ஜு நகரில், மிஷன் மருத்துவமனை ஒன்றுக்கு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடுமையான வயிற்று வலியோடு கொண்டுவந்தார்கள். பால் கிரேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். குடலை அடைத்துக்கொண்டிருந்தவை உருண்டைப்புழுக்கள், நம் பக்கம் நாக்குப்பூச்சி என்று சொல்கிறோமே, அவைதான். வெளியே எடுத்து எண்ணியபோது 1,063. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. கிரேன் அதை மருத்துவமனைக்குள் புதைத்துவிடாமல் நாடறியச் சொன்னார். மறு ஆண்டே கொரியாவில் ஒட்டுண்ணி ஒழிப்புக்கென ஒரு சங்கம் எழுந்தது. 1966இல் சட்டம் வந்தது. 1969 முதல் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை மலப் பரிசோதனை, புழு கண்டவர்களுக்கு மருந்து. 1971இல் அந்த நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வயிற்றில் உருண்டைப்புழு இருந்தது. 1997இல் எடுத்த கணக்கில் அது 0.06 சதவீதம். ஒரு தலைமுறைக்குள் துடைத்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பெற்றோர்கள் மலத்தைச் சின்ன உறையில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பக் கூச்சப்படவில்லை.

அந்த 1,063 என்ற எண்ணை ஒரு தாயோ தகப்பனோ சற்று நின்று யோசிக்க வேண்டும். உருண்டைப்புழு மனிதக் குடலுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டைகள் வரை இடும்; அத்தனையும் மலத்தோடு வெளியே போய்விடும். அவை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்றினால்தான் இன்னொருவருக்குத் தொற்றும். ஆகவே வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு புழுவும் அந்தப் பிள்ளை தனியாக விழுங்கிய ஒரு முட்டை. ஆயிரத்துச் சொச்சம் புழு என்றால், ஆயிரத்துச் சொச்சம் முட்டைகள் கையில், கீரையில், தண்ணீரில், நகக்கண்ணில் ஏறி வாய்க்குள் போயிருக்கின்றன. அதை ஒரு குடும்பத்தின் குற்றமாகப் பார்க்க முடியாது. ஊரே சேர்ந்து மண்ணை அப்படி வைத்திருந்தது. அந்நாளில் கொரியாவில் மனித மலத்தைக் காய்கறித் தோட்டத்துக்கு எருவாக இட்டார்கள்.

நம் ஊர் மண்ணைப் பார்ப்போம். சேர்வராயன் மலையடிவாரத்தில் தெளிவாகப் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் நுழைந்து வெளியேறும்போது சாக்கடையாக இருக்கிறது. அப்படியே வயல்களுக்கு நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து, நஞ்சை இடையாற்றுப் பக்கம் காவிரியில் சேர்கிறது. வழியில் அந்தத் தண்ணீர் எந்தெந்தப் பாத்தியில் பாய்கிறது என்பது கரையோரம் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. சந்தையில் கீரைக்கட்டு வாங்கும்போது அது எங்கே விளைந்தது என்று நாம் கேட்பதில்லை. சரி, வேர்மண் போக மூன்று தண்ணீரில் அலசவாவது செய்கிறோமா? கீரையை வேக வைத்து உண்டால் பயமில்லை. பச்சையாகக் கடிக்கும் கேரட்டும் வெள்ளரியும் கொத்தமல்லித் தழையும்தான் முட்டையை நேரே உள்ளே கொண்டுபோகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையின் மலத்தில் என்ன இருக்கிறது, பால் குடிக்கிற குழந்தைதானே என்று வேலியோரம் வீசிவிடுகிறோம். ஒன்றரை வயதில் மண்ணில் தவழ்ந்து விளையாடும் குழந்தையின் மலத்தில் பெரியவர்களுடையதை விடக் கூடுதலாகவே முட்டை இருக்கலாம். அதைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். வீட்டில் கழிப்பறை கட்டிக் கொடுத்த பிறகும் ஏரிக்கரைக்குத்தான் போவேன் என்று அடம் பிடிக்கும் தாத்தாவிடம், பேரனுக்காகப் பேச வேண்டியதும் நம் கடமை.

இனி அந்தப் புழு உள்ளே போய்ச் செய்வதைக் கேளுங்கள். குடலில் பொரிந்த குஞ்சு அங்கேயே தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே சில நாள் இருந்து மூச்சுக்குழாய் வழியாக மேலேறித் தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்குத் திரும்புகிறது. நுரையீரலில் இருக்கும் அந்த நாட்களில் வறட்டு இருமலும் இரைப்பும் வரும். நாம் ஐஸ் தின்றதால் வந்த சளி என்று திட்டுவோம். வளர்ந்த புழு ஒரு சாணுக்கு மேல், ஓர் அடி நீளம் வரை இருக்கும். நிறையப் புழுக்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சின்னக் குழந்தையின் குடலை அடைத்துவிட முடியும். ஒற்றைப் புழு போதும், குடல்வாலுக்குள் நுழைந்து வலது அடிவயிற்றில் அப்பெண்டிசைட்டிஸ் மாதிரியே வலி கொடுக்க. துவாரம் கண்ட இடத்தில் தலையை நுழைப்பது அதன் இயல்பு. பித்தநாளத்தின் வாய் முன்சிறுகுடலில்தான் திறக்கிறது. அதற்குள் ஏறிவிட்டால் மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சில சமயம் கணைய அழற்சி, கல்லீரலில் சீழ்க்கட்டி.

இது எங்கோ புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல. காஷ்மீரில் முகம்மது சுல்தான் குரூ என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பித்தநாளத்திலும் கணையத்திலும் உருண்டைப்புழு புகுந்த 500 நோயாளிகளைப் பற்றி 1990இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஐந்நூறு பேர், ஒரே வட்டாரத்தில். சிலருக்குப் புழு தானாகவே இறங்கி வந்துவிட்டது. சிலருக்கு வாய்வழியே உள்நோக்குக் குழாயை விட்டு இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. வயிற்று ஸ்கேனில் புழு நீளவாக்கில் இரண்டு இணைகோடுகளாகத் தெரியும், உயிரோடிருந்தால் நெளிவதுகூடத் தெரியும். ஆக, ஒரு ஸ்கேனில் முடிகிற விஷயத்தை நாம் எத்தனை நாள் இழுத்தடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நாம் இழுத்தடிப்பது எப்படி என்று நமக்கே தெரியும். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டால் முதல் நாள் அது சூட்டு வலி. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, மோர் குடிக்கச் சொல்வோம். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தால் என்னமோ தின்று சிக்கிக்கொண்டது, தொக்கம் எடுக்க வேண்டும் என்பார் அம்மாயி. உடனே பைக்கில் உட்கார வைத்துத் தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப் போகிறோம். அவர் வயிற்றைத் தடவி, அழுத்தி, குழல் வைத்து உறிஞ்சி எதையோ எடுத்துக் காட்டுவார். அல்லது குடல் ஏறிக்கொண்டது என்று ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிடுவார். புழுவால் அடைத்து உப்பி, சுவர் மெலிந்து நிற்கும் குடலை வெளியிலிருந்து அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கிழிந்துவிடலாம். முறுக்கிக்கொண்ட குடலாக இருந்தால், நாம் தொக்கத்துக்குச் செலவழித்த அந்த அரை நாளில் இரத்த ஓட்டம் நின்று குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகும். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், பிள்ளையை ஏசி வேனில் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் உட்பட நாம் எல்லாருமே இதைச் செய்கிறோம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்வது போதும். அவர்கள் காலத்தில் ஸ்கேன் இல்லை, 108 இல்லை. நமக்கு இருக்கிறது.

வாந்தி பச்சையாக வந்தால், வயிறு உப்பிக் கல் மாதிரி ஆனால், மலமும் காற்றும் போகாமல் நின்றால், தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது கீழ்ப்பக்கம் இறங்கி நிலைத்தால், வலியோடு கண் மஞ்சளித்தால், அப்போது வீட்டில் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. முக்கியமாகப் பூச்சி மாத்திரை கொடுக்கக் கூடாது. முழுதாக அடைத்த குடலில் மருந்து பட்டுப் புழுக்கள் செயலிழந்தால் அடைப்பு இன்னும் இறுகும். சோறு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் நேரே அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல்லிலும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் சமவெளியில் எந்தக் கிராமத்திலிருந்தும் இரவோடு இரவாக எட்டிவிடக்கூடிய தூரம்தான்.

இயற்கை மருந்து என்று நினைத்துக் கொடுப்பவற்றைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டும் வழக்கம் நம்மோடு மலேசியாவுக்கும் போனது. அங்கே அப்படி வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, மூளையும் கல்லீரலும் பாதித்துக் கிடந்ததை 1981இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சில குழந்தைகள் இறந்தன. புழுவுக்குக் கைகண்ட மூலிகை என்று நம் வேலியோரத்தில் பறிக்கும் ஆடுதீண்டாப்பாளை இன்னும் மோசம். அந்தச் செடி வகையில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் இளைக்க அந்த இனச் செடி கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் சிறுநீரகம் இழந்தது 1990களில் உலகறிந்த செய்தி. பச்சிலை என்பதால் பத்திரம் என்று ஆகிவிடாது. சில ரூபாய் விலையுள்ள, கோடிக்கணக்கான குழந்தைகள் சாப்பிட்ட ஒரு மாத்திரையைச் சந்தேகிக்கிறோம். அளவு தெரியாத சாற்றைச் சந்தேகிக்காமல் புகட்டுகிறோம்.

நாக்குப்பூச்சியை விட இன்று தமிழ்நாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது கொக்கிப்புழு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2017 முதல் திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது. பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதா, ஊரில் எல்லாருக்கும் கொடுத்தால் புழுவின் தொடரையே அறுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இங்கே மலத்தில் கண்ட புழுக்களில் ஆகப் பெரும்பாலானவை கொக்கிப்புழு. அதைப் பிள்ளைகளை விடப் பெரியவர்களே அதிகம் சுமந்தார்கள். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நாம் புழுவோடு திரிந்தால், நம்மிடமிருந்து மண்ணுக்கும் மண்ணிலிருந்து பிள்ளைக்கும் அது திரும்பி வரும்.

கொக்கிப்புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை, வெறுங்காலைத் துளைத்து வருகிறது. அதற்கு நிழலும் ஈரமும் உள்ள மண் வேண்டும். சேலத்து மேட்டுக்காட்டுச் செம்மண் வெயிலில் காய்ந்து கிடக்கும்போது அதற்கு வசதி குறைவு. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலும் மோகனூர் வாழைத்தோப்பும் அதற்கு ஏற்ற இடங்கள். கொடிக்காலில் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்கும் வழக்கம் நமக்கு உண்டு. பள்ளி விட்டு வந்த பிள்ளையும் அப்படியே நம் பின்னால் இறங்குகிறது. வேலைக்காட்டில் யாராவது ஒதுங்கியிருந்தால் அந்த மண்ணே போதும். விரலிடுக்கில் நாலு நாள் அரிக்கும், அவ்வளவுதான் வெளியே தெரிவது.

ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் புழு ஒன்று ஒரு நாளில் 0.03 மில்லிலிட்டரிலிருந்து 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தம் இழக்கச் செய்யும். இனத்தைப் பொறுத்து அளவு மாறும். பெரிய இனத்தில் நூறு புழு இருந்தால் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட இரத்தம், மாதக்கணக்கில். பிள்ளை மேல்வயிறு எரிகிறது என்கிறது. வேளைக்குச் சாப்பிடாததால் அல்சர் என்று நாமே முடிவு செய்து ஜெலுசில் வாங்குகிறோம். மலம் தார் மாதிரி கறுத்துப் போவதை யாரும் பார்ப்பதில்லை. பத்து வயதுக்கு மேல் பிள்ளையின் மலத்தை எந்த வீட்டில் பார்க்கிறார்கள்? சோகை முற்றியதும் பிள்ளை பல்பம் தின்கிறது, சுவரைச் சுரண்டித் தின்கிறது, பச்சரிசி, விபூதி, மண் எதையும் விடுவதில்லை. அடிக்கிறோம், கையைக் கட்டிப் போடுகிறோம், வேப்பெண்ணெயை விரலில் தடவுகிறோம். மண் தின்னும் ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அழுகை. அது தின்னும் மண்ணோடு நாக்குப்பூச்சி முட்டையும் நாலு உள்ளே போகிறது. அடிக்கிற கையால் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அத்தனைக்கும் புழு காரணமில்லை, சாப்பாடும் காரணம். எது காரணம் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கீரிப்பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. இது ஏழை வீடு, பணக்கார வீடு பார்ப்பதில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளிடையே ஒரே போர்வை, ஒரே பக்கெட்டு என்றால் வேகமாகப் பரவும். இராத்திரியில் ஆசனவாயில் வந்து முட்டையிடும், பிள்ளை சொறியும், நகத்தில் ஏறும், காலையில் வாய்க்குப் போகும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. காலையில் கழுவும் முன் செலோடேப்பை அந்த இடத்தில் ஒட்டியெடுத்து ஆய்வகத்தில் காட்டினால் முட்டை தெரியும். வெட்டி எடுத்த குடல்வாலுக்குள் கீரிப்பூச்சி கிடந்ததை அறுவை மருத்துவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அது முன்பக்கம் ஏறி, நீர்க்கடுப்பும் வெள்ளைப்படுதலும் கொடுக்கும். அரிதாகக் கருப்பை வழியே அடிவயிற்றுக்குள்ளேயே போய்க் கட்டி கட்டிவிடும். எட்டு வயதுப் பெண் "அங்க அரிக்குதும்மா" என்று சொன்னால் "ச்சீ, வாயை மூடு" என்று அதட்டுகிற தாய்மார்களைத்தான் இங்கே கேட்கிறேன். அந்தப் பிள்ளை இனி யாரிடம் சொல்லும்? மருந்து வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அன்றே படுக்கை விரிப்பைத் துவைத்து வெயிலில் போட வேண்டும், நகத்தை வெட்ட வேண்டும்.

கடைசியாக, பள்ளியில் கொடுக்கும் ஒற்றை மாத்திரை எட்டாத ஒன்று. மேச்சேரி ஆடு நம் பெருமை. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆடு இருக்கும் இடத்தில் நாய் இருக்கும், ஆட்டை அறுக்கும் இடத்தில் நாய் காத்திருக்கும். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ தண்ணீர் கோத்த வெள்ளைக் கொப்புளம் இருந்தால் கறிக்காரர் அதை வெட்டி நாய்க்கு எறிவார். அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பவை நாடாப்புழுவின் குஞ்சுத் தலைகள். நாயின் குடலில் அவை அரிசி அளவுப் புழுக்களாக ஆயிரக்கணக்கில் வளர்ந்து, மலத்தோடு முட்டைகளை வெளியேற்றும். முட்டை நாயின் முடியிலும் மூஞ்சியிலும் ஒட்டியிருக்கும். நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும் என்று அப்பத்தா எச்சரித்ததில் பாதி உண்மை இருந்தது. கட்டியை உண்டாக்குவது அந்த முடியில் ஒட்டிய முட்டை. பிள்ளை நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு அதே கையால் முறுக்கு தின்றால் போதும். கறியே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் இது வரும்.

முட்டை குடலில் பொரிந்து, பத்துக்கு ஏழு பேருக்குக் கல்லீரலில் போய்த் தங்கி, நீர்க்கட்டியாக வளரும். வளர்ச்சி மிக மெதுவானது. ஐந்து வயதில் போன முட்டை இருபத்தைந்து வயதில் வலது விலாவுக்குக் கீழே கனமாகத் தெரியலாம். மண்ணீரலிலோ சிறுநீரகத்திலோ அடிவயிற்றிலோ வளர்ந்தால் மருத்துவர்களே முதலில் வேறு எதையாவதுதான் நினைப்பார்கள். கட்டி பித்தநாளத்தில் உடைந்தால் காமாலை. விளையாட்டில் வயிற்றில் ஓர் அடி பட்டு உள்ளே உடைந்தால் உடம்பெல்லாம் தடித்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்து. சிதறிய துணுக்குகள் வயிறு முழுக்கப் புதுக் கட்டிகளாக முளைக்கவும் கூடும். ஆகவே வயிற்றில் கட்டி தெரிந்தால் ஸ்கேன் செய்யும் முன் யாரும் அதை அமுக்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். இதற்கு மாதக்கணக்கில் மருந்து, பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கும். இந்தியாவில் இந்த நோய் அதிகம் காணப்படும் மாநிலங்களில் நம்முடையதும் ஆந்திரமும் முன்னால் நிற்கின்றன.

ஐஸ்லாந்தும் ஆடும் நாயும் சேர்ந்து வாழும் நாடுதான். அங்கே 1863இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் ஆராய்ச்சியாளர் வந்து நூறு நாய்களைச் சோதித்து, கால்வாசிக்கு மேல் இந்தப் புழு இருப்பதைக் கண்டார். மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். அது வீடு வீடாகப் போயிற்று. 1890இல் நாய்களுக்குப் புழு நீக்குவதையும், கொப்புளம் கண்ட உறுப்புகளை எரிப்பதையும் புதைப்பதையும் சட்டமாக்கினார்கள். உலகிலேயே அதிகமாக இந்த நோயால் அவதிப்பட்ட நாடுகளில் ஒன்று, அதிலிருந்து முற்றாக விடுபட்டது. தடுப்பூசி எதுவும் அப்போது இல்லை. பெற்றோர்கள் நாய்க்கு எதைப் போடுவது என்று மாற்றிக்கொண்டார்கள்.

நாமும் அதைச் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன் நிற்கும்போது, கொப்புளம் கண்ட ஈரலை நாய்க்கு எறியாதீர்கள் அண்ணா, குழியில் போட்டு மூடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். கிடா வெட்டும் கோவில் திருவிழாவிலும் இதையே சொல்லுங்கள். வீட்டு நாயை அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய், நாடாப்புழுவுக்கான மாத்திரை வேண்டும் என்று கேட்டு வாங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறு போடுங்கள்.